ஆடிச் சாரலில் இடி இடிக்காது

எய்யா,

மணி இரண்டு. அப்பா சாப்பிட்டுவிட்டு உள்ளறையில் தூங்குகிறார். நாலு மணிக்கு எழுந்து டூட்டிக்குக் கிளம்புவார். பஸ் ஓட்டுவதை விட்டுப் பத்து வருடத்துக்கு மேல் ஆகிறது என்பது அவருக்கு மறந்துபோய் மூன்று வருடம் ஆயிற்று. அவர் எழுவதற்குள் இதை எழுதி, தாள்களைப் போனில் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட வேண்டும். பயமாக இருக்கிறது. முப்பது வருடம் கரும்பலகையில் எழுதியவள், முதல் தாளையே இரண்டு தடவை கிழித்துப்போட்டுவிட்டேன். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால்தான் கடிதம். நீ படித்த பிறகு, பெயர் எதுவும் போடாமல் இதை ஊரார் படிக்கவும் கொடுக்கப்போகிறேன். என்னைப் போல் கதவைச் சாத்திக்கொண்டு ஒற்றையாக ஒருவரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் இந்தத் தென்காசியிலேயே எத்தனை தெருவில் இருக்கிறார்களோ, யாருக்குத் தெரியும்.

அடுத்த வாரம் ஓர் ஆள் வந்து நம் வீட்டு இன்டர்நெட்டுக்கு மாறாத நம்பர் போட்டுத் தருவார் என்று நீ முந்தாநாள் சொன்னாய். "இனிமே நிம்மதிம்மா, எத்தன தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாலும் வீட்டு அட்ரஸ் மாறாது" என்றாய். சரி என்று சொல்லிப் போனை வைத்தேன். அதற்குப் பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்று சொல்ல வேண்டுமானால் அந்தக் கேமராப் பெட்டி வீட்டுக்கு வந்த நாளிலிருந்து சொல்ல வேண்டும்.

போன சித்திரையில் நீ சார்ஜாவிலிருந்து லீவில் வந்தபோது டிபன் டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டியைக் கொண்டுவந்தாய். டிவிக்கு மேலே பலகை அடித்து அதில் வைத்தாய். வாசலில் ஒரு கேமரா, முற்றத்தில் ஒன்று, அப்பா உட்காரும் கூடத்தில் ஒன்று. கேட் திறந்தால் உன் போனிலும் என் போனிலும் மணி அடிக்கும்படி செய்தாய். கடையில் வாங்கினால் எல்லாம் சேர்ந்தே வருமே, எதற்கு இந்தப் பாடு என்று கேட்டேன். "எம்மா, அப்பா வேட்டி அவுந்து நிக்குததையும் நீ அவியளுக்குச் சோறு ஊட்டுததையும் எவனோ ஒரு கம்பெனிக்காரன் கம்ப்யூட்டர்ல நான் ஏத்த மாட்டேன். நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும்" என்றாய். அன்றைக்கு உன்னைப் பெற்றதற்கு நான் பட்ட பெருமை கொஞ்சநஞ்சமில்லை. எனக்காகப் போனில் தமிழிலேயே ஒரு பக்கம் செய்து கொடுத்தாய். வாசல், முற்றம், கூடம், பழைய படங்கள், வீட்டு நம்பர் என்று ஐந்து கட்டம். பழைய படங்கள் பதினைந்து நாள் இருக்கும், பிறகு தானாக அழிந்துவிடும் என்றாய். வேண்டிய படம் ஏதாவது இருந்தால் அதன்மேல் ஒரு நட்சத்திரத்தைத் தொட வேண்டும், அது மட்டும் அழியாது என்றும் காட்டினாய்.

வீட்டு நம்பர் என்ற கட்டத்தைத்தான் எனக்கு விளங்கவைக்க நீ மெனக்கெட்டாய். நம் வீட்டு நெட்டுக்கு நிலையான விலாசம் கிடையாது, ரூட்டர் அணைந்து எரிந்தால் நெட் கம்பெனிக்காரர்கள் வேறு நம்பர் தந்துவிடுவார்கள், புது நம்பரை உனக்குச் சொல்ல அந்தப் பெட்டிக்குள் ஒரு சின்ன ஏற்பாடு இருக்கிறது என்றாய். "அடிக்கடி வீடு மாத்துத வாடகைக்காரன் மாதிரியாலே?" என்று கேட்டேன். சிரித்தாய். ஒவ்வொரு தடவை நம்பர் மாறும்போதும் எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அந்தக் கட்டத்தில் ஒரு வரி ஏறும். அதை அன்றைக்கு நான் சரியாகக் கவனிக்கவில்லை.

இடி இடித்தால் டிவி, ஃபிரிட்ஜ் எல்லாவற்றின் பிளக்கையும் பிடுங்கிப்போடுவது நம் வீட்டு வழக்கம். நம் ஊர் வழக்கமே அதுதான். ஒரு ஐப்பசியில் இடி விழுந்து தெருவில் பாதி டிவி கருகிப்போன பிறகு அப்பா பிடித்த பிடிவாதம் அது. நீ போன பிறகு பெய்த கோடை மழையில் ரூட்டர் பிளக்கையும் சேர்த்துப் பிடுங்கினேன். சார்ஜாவிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு கூப்பிட்டாய். இடி என்றேன். "ஓ, ஆமால்லா, மறந்துட்டேன்" என்றாய். பிளக்கைப் பிடுங்கினால் நீ பார்க்க முடியாது, இடி என்று சொன்னால் நீ நம்புவாய் என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. சத்தியமாக அன்று என் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை.

இனி எழுதப்போவதைப் படிக்கும்போது உட்கார்ந்துகொள். ஆனி கடைசியில் ஒரு நாள், நாலு மணி. அப்பா எழுந்து, "ஏட்டி, காக்கிச் சட்டைய எங்கன வச்ச? வண்டிய எடுக்க நேரமாச்சு" என்று ஆரம்பித்தார். தினமும் நடப்பதுதான். சட்டையைப் போட்டுவிட்டு, வண்டி இன்னும் டிப்போவிலிருந்து வரவில்லை என்று சொல்லி உட்காரவைப்பேன். சாதாரணமாக அடங்கிவிடுவார். அன்று அடங்கவில்லை. காலையிலிருந்து இரண்டு முறை படுக்கையை நனைத்து, இரண்டு முறை குளிப்பாட்டியிருந்தேன். மத்தியானம் சோற்றுத் தட்டைத் தட்டிவிட்டிருந்தார். கேட்டைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நின்றவரைக் கூடத்துக்கு இழுத்து வந்தேன். என் முகத்தை உற்றுப் பார்த்து, "நீ யாருட்டி? என் வீட்டுல உனக்கு என்ன சோலி?" என்றார். நான் அவர் கன்னத்தில் அறைந்தேன்.

எழுதிவிட்டேன். அறைந்தேன். என் வகுப்பில் பிரம்பே இருந்ததில்லை என்று ஊரெல்லாம் பேர். அடிக்காத டீச்சர் என்று இன்றைக்கும் பஜாரில் என்னைக் கும்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட நான், எழுபது வயது மனிதரை, கட்டிய புருஷனை அறைந்தேன். அவர் அழவில்லை, கோபப்படவும் இல்லை. யாரையோ தேடுகிறவர் போல் சுற்றிப் பார்த்தார். நானும் நிமிர்ந்து பார்த்தேன். கூடத்துக் கேமராவில் அந்தச் சின்ன விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஓடிப்போய் ரூட்டர் பிளக்கைப் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிட்டாய். இடி என்று சொன்னேன்.

ஒரு தடவையோடு நின்றிருந்தால் காலில் விழுந்து அழுது முடித்திருப்பேன். அழுதேன்தான். ஆனால் ஆடியில் சில நாள், நாலு மணி நெருங்கி எனக்கு உள்ளே கொதிக்க ஆரம்பித்ததும் கால் தானாக அந்தப் பிளக்கை நோக்கிப் போயிற்று. முதல் தடவை அடித்த பிறகு பிடுங்கினேன். பிறகெல்லாம் முதலில் பிடுங்கினேன். இந்த வித்தியாசம் உனக்குப் புரிகிறதா? பிளக்கைப் பிடுங்கும்போதே கை எதற்குத் தயாராகிறது என்று எனக்குத் தெரிந்திருக்கிறது. எல்லா நாளும் அடிக்கவில்லை, பாதி நாள் பிடுங்கியதோடு கோபம் ஆறிவிட்டது. மீதி நாள் ஆறவில்லை. என்னைப் பற்றி எனக்கே பயம் பிடித்தது அப்போதிருந்துதான்.

அப்பா காணாமல்போன அந்தப் புளியறை நாளைப் பற்றி உனக்குப் பாதிதான் தெரியும். அன்று பிளக்கைப் பிடுங்கிவிட்டு அப்பாவின் முதுகில் ஒரு அடி வைத்தேன். பிறகு குளியலறைக்குள் போய் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் வெளியே கேட்காமல் அழுதேன். காலையில் கேஸ்காரர் சிலிண்டர் வைத்துவிட்டுப் போனபின் கேட்டைப் பூட்ட மறந்திருந்தேன். அப்பா திறந்துகொண்டு போய்விட்டார். மணி அடிக்க வேண்டிய போன் என் இடுப்பிலேயே இருந்தது; அதற்கு மணி அனுப்ப வேண்டிய ரூட்டர் செத்துக் கிடந்தது. வெளியே வந்தால் கூடம் காலி. பிளக்கைத் திரும்பச் சொருகிவிட்டுத் தெருவில் ஓடினேன், கோயில் வாசல் வரை ஓடினேன், பஸ் ஸ்டாண்டில் ஒவ்வொரு பஸ்ஸாக ஏறி இறங்கினேன். சாரலில் என் கண்ணாடியெல்லாம் நனைந்து எதுவும் தெரியவில்லை. அருவியில் நீர் பெருகியிருக்கிற நேரம், குற்றாலம் ரோட்டில் போயிருப்பாரோ என்று அந்தப் பக்கமும் கொஞ்ச தூரம் ஓடினேன்.

ஒன்றரை மணி நேரம் கழித்துத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "அக்கா, இங்கன புளியறை செக்போஸ்ட் பக்கத்துல சாப்பாட்டுக் கடை வச்சிருக்கேன். ஒரு அண்ணாச்சி லாரில ஏறி டிரைவர் சீட்ல உக்காந்துக்கிட்டு இறங்க மாட்டேங்காவ. சட்டைக் காலருக்குள்ள இந்த நம்பர் தச்சிருக்கு. உங்க ஆளா?" நீ தைத்துவிட்டுப் போன நம்பர். செங்கோட்டை பஸ்ஸில் பழைய டிரைவர் அண்ணாச்சி என்று மரியாதையாக முன்னால் உட்காரவைத்துக் கூட்டிப் போயிருக்கிறார்கள். அங்கிருந்து இன்னொரு பஸ். ஆட்டோவில் போய்ச் சேர்ந்தேன். நனைந்து, உதடு நீலம் பாய்ந்து, நின்றிருந்த லாரியில் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு வலது காலால் பிரேக்கை அழுத்தியபடி இருந்தார். கடைக்காரர் ஒரு துண்டைக் கொடுத்தார். நான் படியில் ஏறி, அவர் தலையைத் துவட்டக் கையைத் தூக்கினேன்.

அவர் சட்டென்று கன்னத்தைப் பொத்திக்கொண்டார்.

என் பேர் அவருக்கு ஞாபகம் இல்லை. நான் யார் என்பது ஞாபகம் இல்லை. என் கை மட்டும் ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் பார்த்துவிட்டார். பார்த்துவிட்டு, அடுப்பில் எதையோ மறந்ததுபோல் உள்ளே போய்விட்டார். கிளம்பும்போது, "நீங்களும் ஒரு சாயா குடிச்சுட்டுப் போங்கக்கா, உங்களுக்கும் குளிர்ல வெறைக்குதுல்லா" என்றார். அந்த மனிதர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் தேவலை.

அன்று இருட்டும் நேரத்தில் நீ கூப்பிட்டாய், அப்பா காணாமல்போய்க் கிடைத்ததைச் சொன்னேன். "எம்மா, நெட்டு எப்படிப் போச்சு?" "இடி இடிச்சுது எய்யா." "இப்பவா? அங்கன சாரல்தானம்மா விழுது?" "சாரலும்தான், இடியும்தான்." "சரிம்மா" என்றாய். ஆடிச் சாரலில் இடி ஏது? தென்காசியில் பிறந்த பச்சைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். குழந்தையாக அப்பாவின் பஸ்ஸில் இன்ஜின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு சீசன் முழுக்கக் குற்றாலத்துக்குப் போய் வந்தவன் நீ. உனக்கா தெரியாது? ஆனாலும் நீ மறுபடி, "நெட்டு வந்தப்புறமும் புது நம்பரை என் ஏற்பாடு எனக்குச் சொல்ல ரொம்ப நேரமாக்கிட்டும்மா. என் தப்புதான். இல்லாட்டி நான் முன்னாலயே கூப்பிட்டிருப்பேன்" என்றாய். என் பிள்ளை என் பழியைத் தூக்கித் தன் தலையில் வைத்துக்கொண்டான், நான் வைக்கவிட்டேன். அடித்ததைவிட இதற்குத்தான் எனக்கு அதிகம் வெட்கம்.

பூனை கண்ணை மூடிக்கொண்டால் பூலோகம் இருண்டுவிடுமா? ரூட்டரைப் பிடுங்கினால் கேமராவும் குருடாகிவிடும் என்று நான் நினைத்திருந்தேன். கேமரா ஒயர் நேராக அந்தக் கறுப்புப் பெட்டிக்குப் போவதும், நெட் இருந்தாலும் இல்லாவிட்டாலும் பெட்டி பதிந்துகொண்டே இருக்கும் என்பதும் புளியறையிலிருந்து வந்த மறுநாள்தான் தெரிந்தது. கேட் எப்போது திறந்தது என்று பார்க்கப் பழைய படங்களைத் தொட்டேன். எல்லாம் இருந்தது. நம்ம வீட்டுப் படம் நம்ம வீட்டுலயே இருக்கட்டும் என்று நீ சொன்னாயே, அப்படியே இருந்தது. அழிக்கவும் எனக்குத் தெரியும், நீயே சொல்லிக்கொடுத்திருக்கிறாய். அழிக்கத் துணிச்சல் வரவில்லை. அழிக்காமல் இருந்தது நேர்மையால் என்று நினைத்துவிடாதே. பதினைந்து நாளில் தானாகப் போய்விடும், என் கை படாமல் போகட்டும் என்ற கோழைத்தனம். கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள், எனக்கு அந்தப் பெட்டி பதினைந்து நாள் தந்தது. காலண்டரில் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள் நீ நிலையான நம்பரைப் பற்றிச் சொன்ன பிறகு, நாள் தாண்டிவிட்டதே என்று மறுபடி பார்த்தேன். அந்த நாட்களின் படமெல்லாம் அழிந்திருந்தது. ஒன்று மட்டும் அழியவில்லை. புளியறை நாள், கூடம், நாலு மணி பத்து நிமிடம். அதன்மேல் நட்சத்திரம். நான் தொடவில்லை. அந்தப் பக்கத்தைத் திறக்க முடிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர்.

வீட்டு நம்பர் கட்டத்தையும் அப்போதுதான் சரியாகப் பார்த்தேன். ஆடி மாதம் முழுக்க நம்பர் மாறிய நேரம் வரி வரியாக இருந்தது. நாலு மணி, நாலே கால், நாலுக்கு ஐந்து நிமிடம் முன்னால். எந்த ஊரில் இடி மணி பார்த்து இடிக்கும்? நீ அந்தப் பட்டியலைப் பார்த்துத்தான் பழைய படத்தைத் தேடியிருக்கிறாய். எல்லாம் தெரிந்துகொண்டுதான் தினமும், "சாப்டியாம்மா, அப்பா சாப்டாவளா" என்று கேட்கிறாய். நட்சத்திரத்தை எதற்கு வைத்தாய், எய்யா? என்னை ஒரு நாள் கேட்கவா? யாரிடமாவது காட்டவா? அல்லது அழிக்கவும் முடியாமல், பார்க்கவும் முடியாமல் அப்படியே வைத்திருக்கிறாயா? இரண்டு நாளாக இதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நிலையான நம்பர் ஏன் பயமாக இருக்கிறது என்று இப்போது உனக்குப் புரியும். நம்பர் மாறவில்லையென்றால் பட்டியலில் வரி ஏறாது. நான் பிடுங்கியது எங்கேயும் எழுதப்படாது. பட்டியலைப் பார்த்துவிட்டு, நீ சொன்னதை நினைத்ததும் என் மனதில் முதலில் வந்தது, அப்பாடா என்ற நிம்மதி. அந்த நிம்மதியைக் கண்டுதான் பயந்துபோனேன். மாறாத நம்பரை வாங்கிக்கொள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பிளக் பிடுங்கிய நேரம் அந்தக் கட்டத்தில் ஏறும்படி எப்படியாவது செய்துவிடு. ஐப்பசியில் உண்மையான இடி வரும். அப்போது பிடுங்குவதற்கு முன்னால் உன்னைக் கூப்பிட்டு, போனை வாசல் பக்கம் நீட்டி, சத்தத்தைக் கேட்கச் செய்துவிட்டுப் பிடுங்குகிறேன்.

இன்னொன்றும் கேட்கிறேன். போன வருடம் நீ, மத்தியானத்திலிருந்து பொழுதடையும் வரை ஒரு ஆள் வைப்போம் என்றபோது, "அடுத்தவ கை என் புருஷன் மேல படக்கூடாது" என்று வீறாப்பாகச் சொன்னேன். பண்பொழி மலைக் கோயிலுக்கு அப்பாவைக் கைபிடித்துக் கூட்டிப்போனபோது பார்த்த சொந்தக்காரர்கள் எல்லாரும், உன்னை மாதிரி யார் பார்ப்பார்கள் என்று சொல்லிச் சொல்லி என்னை உச்சியில் ஏற்றிவைத்திருந்தார்கள். அங்கிருந்து இறங்கி, என்னால் முடியவில்லை என்று சொல்ல எனக்கு வழி தெரியவில்லை. தை மாதம் உனக்குக் கல்யாணம். வரப்போகிறவளை நீ பாராட்டு, வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவள் முடியவில்லை என்று வாய்திறக்க முடியாத அளவுக்குப் பாராட்டாதே. ஆள் பார். என் கை போதாது, இந்த வீட்டில் வேறு ஒரு கையும் வேண்டும்.

மணி மூன்றே முக்கால். அப்பா புரண்டு படுக்கிறார். இன்னும் கொஞ்ச நேரத்தில் நீ கூப்பிடுவாய். புளியறைக்கு அடுத்த வாரத்திலிருந்து தினமும் சரியாக நாலு மணிக்குத்தான் கூப்பிடுகிறாய். உனக்கு அப்போது இரண்டரை, சாப்பாட்டு நேரம் போலிருக்கிறது என்று முட்டாள் மாதிரி நினைத்துக்கொண்டிருந்தேன். நேற்று அப்பா என் கையைக் கடித்தார். மறு கை மேலே போய்விட்டது. போன் அடித்தது. "சாப்டியாம்மா?" என்றாய். கை கீழே வந்தது. எத்தனை நாள் இப்படி அந்தப் போனால் கை கீழே வந்திருக்கிறது என்று நேற்றுத்தான் எண்ணிப் பார்த்தேன். அலுவலக வேலைக்கு நடுவே, கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, நீ என் கையைப் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறாய். ஒரு வார்த்தை சொல்லாமல்.

அந்த ஒரு வார்த்தை சொல்லாமலிருப்பதை உனக்குக் கற்றுக்கொடுத்ததே நான்தான். ஏழாம் வகுப்பில் பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு ஐந்தருவிக்குப் போய் வந்து, மழையில் நனைந்தேன் என்று பொய் சொன்னாயே, நினைவிருக்கிறதா? அருவிக்கரையில் தலைக்குத் தேய்த்துக்கொண்ட எண்ணெய் வாசனை காட்டிக்கொடுத்துவிட்டது. நான் அடிக்காத டீச்சர் ஆயிற்றே, அடிக்கவில்லை. மூன்று நாள் உன்னோடு பேசவில்லை. சோறு போட்டேன், சட்டை துவைத்தேன், பேசவில்லை. மூன்றாம் நாள் நீ அடுக்களை வாசலில் நின்று அழுதாய். "எம்மா, ரெண்டு அடி வேணும்னாலும் அடிச்சிரு, பேசாம மட்டும் இராத" என்றாய். அப்போதும் நான் திரும்பவில்லை. அதுவும் அடிதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

இன்று நான் போனை எடுத்ததும், சாப்பிட்டாயா என்று கேட்காதே. நான் பிளக்கைப் பிடுங்கமாட்டேன். கூடத்தில், கேமராவுக்கு நேரே, அப்பா பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். எய்யா, ரெண்டு ஏச்சு வேணும்னாலும் ஏசிரு. பேசாம மட்டும் இராத.

அம்மா